ஏழு ஆண்டுகள் ஆடிய அணி

அணிக்கு எழுவர் ஆடும் வலைப்பந்து, ஆஸ்திரேலியப் பெண்களிடையே பெரிதும் பரவிய விளையாட்டாகும். அந்நாட்டில் 2017ஆம் ஆண்டு எட்டு அணிகளுடன் 'சூப்பர் நெட்பால்' தொடர் தொடங்கியது. அவற்றுள் புதியவை மூன்று. மெல்போர்ன் நகரின் காலிங்வுட் மேக்பைஸ் அம்மூன்றனுள் ஒன்று. 1892இல் தோன்றிய காலிங்வுட் கால்பந்துக் கழகமே இவ்வணியை உருவாக்கியது. கழகத்தின் செல்வாக்கு அணியை நிலைபெறச் செய்யும் எனப் பலரும் எண்ணினர்.

ஆயினும், கோப்பையை ஒருமுறையும் வெல்லாத அவ்வணி 2023ஆம் ஆண்டுத் தொடருடன் கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் கழகத்தின் ஆண்கள் கால்பந்து அணி வாகை சூடியது. வலைப்பந்துத் தொடரில் வெற்றிடமான எட்டாம் இடத்தை 2024இல் மெல்போர்ன் மேவரிக்ஸ் என்னும் புதிய அணி நிரப்பியது. திறமையுடன் நிலையான ஆதரவும் அமைந்தால்தான் வீராங்கனையரின் உழைப்பு தொடர்ந்து பயன்தரும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.