லேப்டாப் திரை இருண்டதா? கீ போர்டும் மக்கர் செய்கிறதா? பயப்படாதீர்கள்!

2024 தீபாவளிக்கு இன்னும் 20 நாட்களே இருந்தன. என் மனைவி வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறார். வாடிக்கையாளர்களின் அளவுகள், முன்பணம், பாக்கி என எல்லாம் எங்கள் லேப்டாப்பில் ஒரே ஒரு எக்ஸெல் பைலில்தான் இருந்தன. 2017ல் வாங்கிய லேப்டாப் அது. வேறு எங்கும் காப்பி இல்லை.

இரண்டு நாட்களாகவே கீ போர்டில் சில எழுத்துகள் விழவில்லை. மூன்றாம் நாள் மாலை திரை இரண்டு முறை மினுக்கிவிட்டு அப்படியே இருண்டு போனது. அருகில் இருந்த ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "திரையும் போச்சு, கீ போர்டும் போச்சு. அப்போ மதர்போர்டுதான் சார். புதுசு வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர்.

வீட்டில் சொன்னதும் மனைவியின் முகம் வாடிவிட்டது. "56 பேர்கிட்ட துணி வாங்கி வச்சிருக்கேன். அளவு இல்லாம எப்படிங்க வெட்டுறது?" என்றார். அன்று இரவு நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். புதிதாக லேப்டாப் வாங்கியவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

திரை இருட்டாக இருப்பதால் லேப்டாப்பே இயங்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. பவர் பட்டனை அழுத்தியதும் விளக்கு எரிகிறதா, மின்விசிறி சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். அடுத்து ஒரு யு.எஸ்.பி. கீ போர்டை இணைத்து, இரண்டு நிமிடம் கழித்து அதில் கேப்ஸ் லாக் கீயை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே கம்ப்யூட்டர் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். எனக்கு விளக்கு எரிந்தது. பாதி பயம் அப்போதே போய்விட்டது.

விளக்கு எரியாவிட்டால், லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றி வைத்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். பின்னர் சார்ஜரை மட்டும் இணைத்து இயக்கிப் பாருங்கள். பல நேரங்களில் இதிலேயே சரியாகிவிடும்.

டார்ச் சோதனை

அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியைத் திரையின் மீது சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால், படம் வருகிறது, பின்னால் ஒளி தரும் பேக்லைட்தான் எரியவில்லை என்று அர்த்தம். உடனே கடைக்கு ஓடாமல், பிரைட்னஸ் கீயை அழுத்தி ஒளியைக் கூட்டிப் பாருங்கள். தவறுதலாகக் குறைத்து வைத்திருக்கலாம். எதுவுமே தெரியாவிட்டால் பேனலிலோ, அதற்கு வரும் கேபிளிலோ, இன்னும் உள்ளேயோ கோளாறு.

டிவியை மானிட்டராக்குங்கள்

இதுதான் மிக முக்கியமான சோதனை. எச்.டி.எம்.ஐ. கேபிளால் லேப்டாப்பை வீட்டு டிவியுடன் இணைத்து, டிவியில் அந்த இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய மானிட்டர் என்றால் வி.ஜி.ஏ. கேபிள் தேவைப்படலாம். டிவியில் படம் தெளிவாக வந்தால் கிராபிக்ஸ் பகுதி நன்றாக உள்ளது. கோளாறு திரையிலோ அதன் கேபிளிலோதான். டிவியிலும் கோடுகள் விழுந்தால் கிராபிக்ஸ் டிரைவர், ராம், மதர்போர்டு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

எனக்கு டிவியில் வால்பேப்பர் மட்டும் வந்தது. பாஸ்வேர்ட் கட்டத்தைக் காணோம். காரணம், டிவி இரண்டாவது திரையாக நீட்டிக்கப்பட்டிருந்தது. பாஸ்வேர்ட் கட்டம் இருண்ட திரையில் இருந்தது. என்ன செய்தேன் தெரியுமா? யு.எஸ்.பி. கீ போர்டில் ஒருமுறை என்டர் தட்டி, சற்றுப் பொறுத்து, பார்க்காமலேயே பாஸ்வேர்டை டைப் செய்து மீண்டும் என்டர் தட்டினேன். ஒரு நிமிடம் கழித்து விண்டோஸ் கீயுடன் பி கீயை அழுத்தி, கீழ் நோக்கிய அம்புக்குறி கீயை ஒருமுறை தட்டி, என்டர் அழுத்தினேன். டெஸ்க்டாப் முழுவதும் டிவிக்கு வந்துவிட்டது! ஒரு முறையில் வராவிட்டால் மீண்டும் இதையே செய்து பாருங்கள்.

மூடியை அசைத்துப் பாருங்கள்

திரைக்குச் செல்லும் மெல்லிய கேபிள், மூடி மடங்கும் கீல் வழியாகவே போகிறது. தினமும் திறந்து மூடும்போது அது தேய்கிறது. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கும்போது படம் வந்து வந்து போனால் கேபிள்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் லேப்டாப்பில், பாதி மூடிய நிலையில் படம் ஒரு நொடி பளிச்சென்று வந்து போனது.

கீ போர்டின் கதை

கீ போர்டைத் திட்டுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். தனி எண் பகுதி இல்லாத சில லேப்டாப்களில் நம் லாக் இயங்கினால் ஜே, கே, எல் போன்ற கீகளில் எழுத்துக்குப் பதில் எண்கள் விழும். வலது ஷிப்ட் கீயை 8 நொடிகள் அழுத்தினால் பில்டர் கீஸ் வசதி இயங்கிவிடலாம். அப்போது கீகள் தாமதமாக வேலை செய்யும். இவை கோளாறே அல்ல.

யு.எஸ்.பி. கீ போர்டில் எல்லாம் சரியாக விழுந்து, லேப்டாப் கீ போர்டில் சில கீகள் மட்டும் விழாவிட்டால் கோளாறு அந்தக் கீ போர்டில்தான். வேறு கீ போர்ட் கிடைக்காதவர்கள், பாஸ்வேர்ட் திரையின் கீழ் மூலையில் உள்ள அணுகல் வசதி ஐகானைக் கிளிக் செய்து, ஆன் ஸ்கிரீன் கீ போர்டைத் திறந்து மவுஸாலேயே டைப் செய்யலாம்.

ஓர் எச்சரிக்கை: கீ போர்ட் நடுவில் மேடாகத் தூக்கியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்து பேட்டரியை மாற்றுங்கள்.

எங்கள் கீ போர்டுக்கு என்ன நேர்ந்தது? மனைவியிடம் கேட்டேன். "போன வாரம் கொஞ்சம் காபி சிந்திச்சு, துடைச்சுட்டேனே!" என்றார். ஆக, திரைக்குக் கேபிள், கீ போர்டுக்குக் காபி. இரண்டும் ஒரே வாரத்தில் வந்ததால் ஒரே நோய் போலத் தெரிந்தது, அவ்வளவுதான்.

முதலில் காப்பி, பிறகு ரிப்பேர்

டிவியில் டெஸ்க்டாப் தெரிந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்த எக்ஸெல் பைலை பென் டிரைவில் காப்பி செய்ததுதான். பிறகு போட்டோக்கள். "ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம்" என்று எப்போதும் நம்பியிருக்க முடியாது. பல புதிய லேப்டாப்களில் டிஸ்க் என்க்ரிப்ஷன் செய்யப்பட்டிருக்கும். அப்போது 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் பைல்களைத் திறக்க முடியாது. லேப்டாப் நன்றாக இருக்கும்போதே அதைக் குறித்துப் பத்திரப்படுத்துங்கள்.

வேறு ஒரு கடையில், சோதித்ததை எல்லாம் சொல்லி, கேபிளையும் கீ போர்டையும் மட்டும் மாற்றச் சொன்னேன். புது லேப்டாப் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை.

ரிப்பேருக்கு முன் இன்னொன்றையும் யோசியுங்கள். விண்டோஸ் 10க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்புக்குப் பெரிய தொகை செலவழிப்பது சரியாகாது. எங்களுடையதும் அப்படிப்பட்டதுதான். இப்போது அது இன்டர்நெட் இணைப்பு இல்லாமல், மகன் டைப்பிங் பழகப் பயன்படுகிறது.

அந்தத் தீபாவளிக்கு 56 பேரின் துணியும் நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இப்போதெல்லாம் மனைவி சனிக்கிழமைதோறும் அளவுப் பைலை பென் டிரைவில் காப்பி செய்கிறார். ஒரு நோட்டிலும் எழுதி வைக்கிறார். கேட்டால், "நோட்டுக்குத் திரை போகாதுங்க" என்கிறார். நீங்களும் இந்த இதழை மூடி வைத்ததும், உங்களின் முக்கியமான பைல் ஒன்றையாவது காப்பி எடுத்து விடுங்கள்.