'ப்யூர்' என்றால் எவ்வளவு சுத்தம்?

'காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்' என்று ஒரு பழமொழி உண்டு. சும்மா உட்கார்ந்து காலை ஆட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள் குட்டீஸ்! தறிக்குழியில் கால்களை இறக்கி, மிதிகட்டையை மாறி மாறி மிதித்து நெய்வதைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

அந்த ஊரின் காந்தி சாலையில் வரிசையாகப் பட்டுக் கடைகள் இருக்கின்றன. அங்கே அடிக்கடி கண்ணில் படும் ஆங்கில வார்த்தை 'ப்யூர்'. ப்யூர் சில்க், ப்யூர் ஜரிகை! இந்த வார்த்தைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெரிய குடும்பமே உண்டு. அப்சல்யூட், கம்ப்ளீட், டோட்டல், அட்டர், ஷியர், பெர்ஃபெக்ட் எல்லாம் அதன் உறவினர்கள். 'கொஞ்சம்கூடக் குறைவில்லை, முழுக்க முழுக்க' என்று சொல்ல உதவும் வார்த்தைகள் இவை. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அப்படியே வைத்துவிட முடியாது.

நம் தமிழிலேயே பாருங்களேன். 'பச்சைப் பொய்' என்கிறோம். 'பச்சை உண்மை' என்று சொல்கிறோமா? 'வடிகட்டிய முட்டாள்' உண்டு. 'வடிகட்டிய அறிவாளி' இல்லை. 'பட்டப்பகல்' சரி, 'பட்டஇரவு' சரியில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஜோடி இருக்கிறது. ஆங்கிலத்திலும் இதே கதைதான்.

யாருக்கு யார் ஜோடி?

ப்யூர்: வேறு எதுவும் கலக்காதது. ப்யூர் கோல்ட், ப்யூர் மில்க்.

டோட்டல்: ஒரு பங்குகூட விடாமல் மொத்தமும். சூரியன் முழுவதும் மறைந்தால் 'டோட்டல் எக்லிப்ஸ்'.

கம்ப்ளீட்: எல்லாப் பகுதிகளும் இருப்பது. பன்னிரண்டு பென்சில் பெட்டியில் பன்னிரண்டும் இருந்தால் 'கம்ப்ளீட் செட்'.

அப்சல்யூட்: எல்லை, நிபந்தனை எதுவும் இல்லாதது. விஞ்ஞானத்தில் 'அப்சல்யூட் ஜீரோ' என்று ஒன்று உண்டு. அது மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே குளிர் கிடையாது!

அட்டர்: பெரும்பாலும் கெட்ட விஷயங்களோடுதான் சேரும். அட்டர் நான்சென்ஸ், அட்டர் ஃபெயிலியர். 'வெளியே' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. கடைக்கோடி எல்லைவரை போய்விட்டது என்று அர்த்தம். தமிழில் 'கடைந்தெடுத்த சோம்பேறி' என்கிறோமே, அந்த மாதிரி.

பெர்ஃபெக்ட்: குறையே இல்லாதது. ஆனால் 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்' என்றால் குறையே இல்லாத மனிதர் அல்ல. முன்பின் பார்த்தே இராத ஆள்!

ஷியர்: 'வெறும் அது மட்டுமே' என்பது பொருள். 'ஷியர் லக்' என்றால் வெறும் அதிர்ஷ்டம். துணி உலகில் இதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது. மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிய துணிதான் 'ஷியர்'. கனமாக, அடர்த்தியாக நெய்யப்படும் காஞ்சிப் பட்டுக்கு 'ஷியர் சில்க்' என்று பெயர் வைத்தால், நெய்தவருக்குக் கோபம் வரும்!

'வெரி' வேண்டாமே!

இந்தக் குடும்பத்தில் பல வார்த்தைகள் ஏற்கெனவே உச்சியில் நிற்பவை. 'வெரி டோட்டல்', 'வெரி அப்சல்யூட்' என்று எழுதக்கூடாது. 'யூனிக்' என்றால் அதுபோல் ஒன்றே ஒன்றுதான் என்று பொருள். ஒன்றே ஒன்றில், 'ரொம்ப ஒன்றே ஒன்று' உண்டா என்ன? வேண்டுமானால் 'ஆல்மோஸ்ட் பெர்ஃபெக்ட்' எனலாம். கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனாலும் 1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் முன்னுரையிலேயே 'மோர் பெர்ஃபெக்ட்' என்று இருக்கிறது. பெரியவர்களும் சில சமயம் விதியை வளைப்பார்கள்!

கடையில் இந்த வார்த்தை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தங்கத்தைக் கவனியுங்கள். 24 காரட் தங்கத்தை 'ப்யூர்' என்கிறோம். அதிலேயே 999 என்றுதான் முத்திரை இருக்கும், 1000 என்று இருக்காது. அதாவது ஆயிரம் பங்கில் 999 பங்கு தங்கம். 22 காரட் நகையில் 916 பங்கு.

ஜரிகை இன்னும் வேடிக்கையானது. ப்யூர் ஜரிகை முழுக்கத் தங்கம் என்று நினைக்கிறீர்களா? இல்லை! நடுவில் பட்டு நூல். அதன்மேல் மெல்லிய வெள்ளித் தகடு சுற்றி, அதற்கும் மேலே தங்க முலாம். செம்பும் சேர்ந்திருக்கும். தங்கத்தின் அளவு நூற்றில் ஒரு பங்குகூட இராது. ஆக, இங்கே 'ப்யூர்' என்றால் 'தங்கம் மட்டும்' என்று பொருள் அல்ல. 'முறைப்படி வெள்ளி, தங்கம் சேர்த்துச் செய்தது, போலி அல்ல' என்றுதான் பொருள்.

'டெஸ்டட் ஜரிகை' என்றும் ஒன்று உண்டு. பரிசோதித்த நல்ல சரக்கு போலக் கேட்கிறது அல்லவா? உண்மையில் அது செம்புக் கம்பிக்கு வெள்ளி முலாம் பூசிய விலை குறைந்த வகை. அதை வாங்குவதில் தவறில்லை. தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ஒரு பெயரடை தனக்குப் பக்கத்தில் நிற்கும் சொல்லுக்கு மட்டும்தான் காவல். 'ப்யூர் சில்க் சேலை' என்ற அட்டை, பட்டைப் பற்றித்தான் பேசுகிறது. ஜரிகையைப் பற்றி வாய் திறக்கவே இல்லை! மத்தியப் பட்டு வாரியம் 2004-ல் தொடங்கிய 'சில்க் மார்க்' முத்திரையும் பட்டுக்கு மட்டுமே உறுதி சொல்கிறது. அதனால் ஜரிகையைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும்.

காஞ்சிப் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு சேலைக்காகப் பல நாட்கள் தறியில் உட்காரும் நெசவாளியின் உழைப்புக்கு அது ஒரு பாதுகாப்பு. விசைத்தறிச் சேலையின்மேல் 'காஞ்சிபுரம் கைத்தறி, ப்யூர்' என்று ஒட்டிவிட்டால், வாங்குபவர் பணம் இழக்கிறார். நெசவாளியோ வேலையை இழக்கிறார். ஒரு பெயரடை பொய் சொன்னால் இரண்டு வீடுகளில் நஷ்டம்!

அடுத்த முறை அம்மா, பாட்டியுடன் துணிக்கடைக்குப் போகும்போது அட்டையை நீங்கள் படித்துச் சொல்லுங்கள். "எது ப்யூர்? பட்டா, ஜரிகையா, இரண்டுமா?" என்று கேளுங்கள். பில்லிலும் அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி

எந்த வார்த்தை பொருந்தும்? (கம்ப்ளீட், ப்யூர், டோட்டல், ஷியர்)

1. 2009 ஜூலை 22-ல் சூரத், வாரணாசி நகரங்களில் தெரிந்த முழு சூரிய கிரகணம்.
2. ஓர் எழுத்தாளரின் எல்லாக் கதைகளும் அடங்கிய தொகுதி.
3. எண்ணெய் எதுவும் கலக்காத பசு நெய்.
4. வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய ஜன்னல் திரை.

விடைகள்: 1. டோட்டல் 2. கம்ப்ளீட் 3. ப்யூர் 4. ஷியர்

நான்கும் சரியா? அப்படியானால் 'பெர்ஃபெக்ட்' ஸ்கோர்! 'வெரி' போடாமல் சொல்கிறோம்.