வெள்ளாற்றங்கரையில் எரிந்த காடு

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக் கிரிவலத்தில் அடி அண்ணாமலை வழியாக நடக்கிற அத்தனை பேரும் வலக்கைப் பக்கம் நிற்கும் ஒரே மலையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வந்ததும் அதைத்தான். ஆனால் இதே வட்டாரத்தில் கிரிவலம் இல்லாத மலைகளும் உண்டு. கவுத்தி மலை, வேடியப்பன் மலை என்று பெயர். அவற்றின் பாறையை இடித்துப் பொடியாக்கிக் காந்தத்தைக் காட்டினால் பொடி எழுந்து வந்து ஒட்டிக்கொள்ளும். மேக்னடைட் இரும்புத்தாது. சேலத்துக் கஞ்சமலையில் கிடைப்பதும் இதே வகைதான்.

இந்தத் தாதுவை உருக்கிப் பெரிய தொழில் நடத்தலாம் என்று முதன்முதலில் துணிந்து இறங்கிய ஊர் மலைப்பக்கம் இல்லை, கடலோரம் இருக்கிறது. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டை. ஐரோப்பிய முறையிலான ஊதுலையோடு தென்னிந்தியாவின் முதல் பெரிய இரும்பாலை 1830-ல் அங்கேதான் எழுந்தது.

திருவண்ணாமலையிலிருந்து விழுப்புரம், பண்ருட்டி, கடலூர் என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகள் வரும்போது மூக்கே ஊர்ப்பெயரைச் சொல்லிவிடும். பு.முட்லூரில் சிதம்பரம் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை.

போர்த்துக்கீசியருக்கு இது போர்ட்டோ நோவோ. முஸ்லிம் வணிகர்களுக்கு மஹ்மூது பந்தர். டச்சுக்காரர்கள், டேனிஷ்காரர்கள், ஆங்கிலேயர்கள் எல்லாரும் கடை விரித்துப் பார்த்த துறைமுகம். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் பெரும்படையை ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் தடுத்து நிறுத்திய போர் நடந்ததும் இதன் பக்கத்தில்தான். இன்றைக்கு ஒரு பேரூராட்சி. ஓட்டு வீட்டுத் திண்ணைகளுக்கு நடுவே வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழுந்த மாடி வீடுகள், பள்ளிவாசல்கள், தர்காக்கள், ஆதிமூலேஸ்வரர் கோயில். முகத்துவாரத்துப் பக்கம் அன்னங்கோவில் மீன்பிடித் தளம். ஆற்றங்கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். அங்கே பாட்டிலில் மிதக்கும் மீன்களையும் நண்டுகளையும் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். வெள்ளாறு இங்கே அகலமாக, அவசரமில்லாமல் நகர்கிறது. உப்பும் சேறும் கலந்த வாடை. எதிர்க்கரையைத் தாண்டித் தெற்கே போனால் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு.

டீக்கடையில் நின்று, “பாய், இங்கே இரும்பாலை எந்தப் பக்கம் இருந்தது?” என்று கேட்டேன்.

“இரும்பாலையா? அது சேலத்துலல்ல இருக்கு?”

அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் புகைந்த ஓர் ஆலை மூடி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. வழிகாட்டிப் பலகை என் கண்ணில் படவில்லை. ஆய்வு மைய அருங்காட்சியகத்தில் மீன்தான் இருக்கிறது, இரும்பு இல்லை.

ஆலையைக் கட்டியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர், சேலத்தில் இருந்தவர். அங்கே கொல்லர்கள் ஆளுயர மண் உலையில், ஆட்டுத்தோல் துருத்தியை மிதித்தும் அமுக்கியும் இரும்பு எடுப்பதைப் பார்த்தார். அந்த இரும்பைத் துண்டாக்கி, ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் சேர்த்து மண்குகை என்ற சிறு கலத்தில் அடைத்து மூடி, சூட்டில் வைத்து உருக்கு எஃகு செய்ததையும் பார்த்தார். ‘ஊட்ஸ்’ என்ற பெயரில் அந்த எஃகு அப்போதே லண்டன் விஞ்ஞானிகளின் கைக்குப் போயிருந்தது. மைக்கேல் ஃபாரடே அதை வைத்துச் சோதனைகள் செய்திருந்தார். எகிப்தியர்கள் கருங்கல் தூண்களைச் செதுக்கிய உளி இந்திய எஃகாகத்தான் இருக்கும் என்றுகூடப் பின்னாளில், 1839-ல், ஹீத் எழுதினார். நிரூபணம் எதுவும் கிடையாது. எழுதியவரின் மயக்கம் மட்டும் நன்றாகப் புரிகிறது.

மயக்கத்தோடு நிற்காமல் வேலையை விட்டார், மெட்ராஸ் அரசாங்கத்திடம் முன்பணம் வாங்கினார். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனி உரிமையும், தரிசு நிலங்களிலும் காடுகளிலும் விறகு வெட்டிக்கொள்ளும் உரிமையும் கிடைத்தன. தாது சேலத்தில், ஆலை கடற்கரையில். படகில் ஏற்றிய தாது காவிரி, கொள்ளிடம் வழியாக இறங்கி வெள்ளாற்றங்கரைக்கு வந்தது. ஏன் இந்தத் தலைசுற்றும் ஏற்பாடு? செய்த இரும்பைக் கப்பலேற்றி இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு அனுப்பத் துறைமுகம் வேண்டும். உலைக்கு வேண்டிய மரக்கரியைச் சுற்றுவட்டாரக் காடு கொடுத்துவிடும் என்பது கணக்கு.

இரும்பு நல்ல இரும்புதான். வேல்ஸில் மெனாய் நீரிணை மேல் ராபர்ட் ஸ்டீஃபன்சன் கட்டிய பிரிட்டானியா குழாய்ப் பாலத்துக்குப் பரங்கிப்பேட்டை இரும்பு போனதாகப் பழைய அரசிதழ்கள் குறிக்கின்றன. அதே நீரிணையின் மெனாய் தொங்குபாலத்துக்கும் போனதாக அவை சேர்த்து எழுதியதை இன்றுவரை பலர் எடுத்துச் சொல்கிறார்கள். பெருமை நமக்கும் பிடிக்கும். ஆனால் தொங்குபாலம் திறந்தது 1826-ல், உலை எழுந்தது 1830-ல். பிரிட்டானியா பாலம் 1850-ல் திறந்தது என்பதால் அந்தப் பாதிப் பெருமைக்குத் தடையில்லை.

இடித்தது கரி. தாது மலையாகக் கிடந்தது, கூலி மலிவு, தொழிலாளிகள் கைதேர்ந்தவர்கள். ஊதுலைக்கு மட்டும் பசி அடங்கவில்லை. நாட்டு உலை ஒரு கொல்லர் குடும்பம் சுமந்து வரும் கரியில் நடக்கும். காடும் வெட்டிய இடத்தில் திரும்பத் தழைக்கும். ஊதுலையை அணைத்து அணைத்து மூட்ட முடியாது, இரவு பகலாக எரிய வேண்டும். பக்கத்துக் காடு முடிந்ததும் அடுத்த காடு, அது முடிந்ததும் இன்னும் தொலைவு. வண்டிமாட்டுக் கூலி ஏற ஏற, கரியின் விலை இரும்பின் விலையைத் தின்றது. 1853-ல் நான்கு லட்சம் பவுண்டு மூலதனத்தோடு ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி என்ற புதுப் பெயரில் மறுபடி முயன்றார்கள். காவிரிக் கரையில் ஒன்று, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் ஒன்று என்று புது ஊதுலைகளும் வைத்தார்கள். திருவண்ணாமலையும் அன்றைக்குத் தென்னார்க்காட்டில்தான் இருந்தது. புது உலைகள் சில ஆண்டுகளிலேயே அணைந்தன. 1860-களில் பரங்கிப்பேட்டையும் அணைந்தது. அரசாங்கம் கொடுத்த முன்பணமும் திரும்பவில்லை.

இங்கிலாந்தும் இதே சங்கடத்தில் மாட்டியிருந்த நாடுதான். செவெர்ன் ஆற்றங்கரையில் கோல்புரூக்டேல் என்ற சிற்றூரில் 1709-ல் ஆபிரகாம் டார்பி, மரக்கரிக்குப் பதில் நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக்கைப் போட்டு இரும்பு உருக்கினார். உலையின் பசி காட்டை விட்டுப் பூமிக்கு அடியில் போனது. அதே பள்ளத்தாக்கில்தான் உலகின் முதல் பெரிய இரும்புப் பாலம் நின்றது. அது போக்குவரத்துக்குத் திறந்தது 1781 ஜனவரி 1-ல், ஹைதர் அலி பரங்கிப்பேட்டையில் போரிட்ட அதே ஆண்டு. அந்தப் பள்ளத்தாக்கு 1986-ல் உலகப் பாரம்பரியக் களமாயிற்று. டிக்கெட் வாங்கி டார்பியின் பழைய உலையைப் பார்க்கலாம். நம் ஊரில் ஆலையின் வாசல் எது என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

எரிச்சலூட்டும் விஷயம் இன்னொன்று உண்டு. பரங்கிப்பேட்டைக்குக் கரி தேடி வண்டிகள் அலைந்த அதே மாவட்டத்தில்தான் நெய்வேலி இருக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஒரு பொருள் வந்ததே, அந்தப் பழுப்பு நிலக்கரி ஹீத்தின் காலத்திலும் அங்கேதான் கிடந்தது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு. பழுப்பு நிலக்கரியை அப்படியே ஊதுலையில் போட முடியாது. நெய்வேலிக் கரியால் சேலத்துத் தாதுவை உருக்கலாமா என்று விடுதலைக்குப் பிறகு வெளிநாடுகளுக்கு மாதிரி அனுப்பிச் சோதித்தார்கள். கடைசியில் 1980-களின் தொடக்கத்தில் வந்த சேலம் இரும்பாலை, வேறிடத்து எஃகைத் தகடாக உருட்டும் துருப்பிடிக்காத எஃகு ஆலையாகத்தான் வந்தது. கஞ்சமலைத் தாதுவுக்கு அதில் இடமில்லை.

ஹீத் என்ன ஆனார்? ஷெஃபீல்டுக்குப் போய் 1839-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். உருக்கும்போது கொஞ்சம் மாங்கனீசுக் கார்பைடு சேர்த்தால் மட்டமான ஆங்கில இரும்பிலும் தரமான எஃகு வரும். ஷெஃபீல்டின் எஃகுச் செலவு சட்டென்று இறங்கியது. ஆனால் அவருடைய முகவர் அன்வினே, கார்பைடாகச் செய்து போடாமல் மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியாகப் போட்டால் இன்னும் மலிவு என்று கண்டுபிடித்து, அது வேறு முறை என்று வாதாடினார். வழக்கு பல கோர்ட் ஏறி இறங்கியது. ஹீத் 1851-ல் இறந்தார். 1855-ல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இரண்டு ஊர்களில் உலை மூட்டிய மனிதர், இரண்டிலும் காசு பார்க்கவில்லை.

பரங்கிப்பேட்டை ஜாம்ஷெட்பூராக ஆகியிருக்க வேண்டும், வெள்ளைக்காரன் கோட்டைவிட்டான் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து போகிற எனக்கு அந்த வருத்தம் வரவில்லை. அந்தக் கரிக்கணக்கு இன்னும் ஐம்பது வருஷம் கட்டுப்படியாகியிருந்தால், ஜவ்வாது மலை வரை கோடாரி ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன். என் மனக்குறை வேறு: தோற்றதோ ஜெயித்ததோ, நடந்ததற்கு ஊரில் ஓர் அடையாளம் வேண்டாமா? மீன் காட்சியகத்தில் ஒரு மூலை ஒதுக்கி, ஒரு கசடுக் கட்டியும் ஒரு வரைபடமும் வைத்தால் போதும்.

ஊரை விட்டு வெளியே வந்தால் பக்கத்துக் கிராமங்களின் நிலத்தில் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. அதில் எரிவது இறக்குமதி நிலக்கரி. கரி தேடி அலைந்த கரைக்கு இப்போது கரி கடல்கடந்து வருகிறது.

தாதுவையும் யாரும் மறந்துவிடவில்லை. 2000-களில் தமிழக அரசின் டிட்கோவும் ஜிண்டால் குழுமமும் சேர்ந்து டிம்கோ என்ற நிறுவனம் தொடங்கின. குறிவைத்தது அதே கஞ்சமலையையும் நம் கவுத்தி, வேடியப்பன் மலைகளையும்தான். இந்தத் தடவை எரிபொருள் பிரச்சினை இல்லை. எதிரே நின்றது சனம். லட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள் போகும், மலையிலிருந்து இறங்கி ஏரிகளுக்கு வரும் ஓடைகள் போகும், வேடியப்பன் கோயில் என்ன ஆகும் என்று சுற்றுக் கிராமத்து ஆட்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார்கள். வேலை கொடுக்கிறோம் என்றபோது, எத்தனை பேருக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று திருப்பிக் கேட்டார்கள். சுரங்கம் இன்றுவரை வரவில்லை. வேடியப்பனுக்குப் பொங்கல் வைப்பது மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.