எந்த மணிக்கூட்டை விற்பது?

எம்மவர் இல்லங்களின் இழுப்பறைகளில் ஓடாத கைமணிக்கூடுகள் சில கிடப்பது வழமை. தந்தையார் கட்டியிருந்தது, திருமணத்திற்கு வந்த சீக்கோ, இங்கு வந்தபின் வாங்கிய மின்கல மணிக்கூடு. எதை விற்பது என்ற கேள்வி பெரும்பாலும் வீடு மாறும்போதே எழுகின்றது. அவசரத்தில் முதலில் விலைபோவது பொன் உறையுள்ளதே.

விற்குமுன் பின்மூடியைத் திறப்பித்துப் பார்த்தல் நன்று. 375 என்ற முத்திரை 9 கரட் பொன்னையும், 750 என்பது 18 கரட் பொன்னையும் குறிக்கும். சிறுத்தைத் தலை, இலண்டனில் பரிசோதிக்கப்பட்டமைக்கு அடையாளம். எடைக்கு மட்டும் விலை பேசுவோர் உள்ளிருக்கும் இயந்திரத்தைக் கணக்கிலெடுப்பதில்லை. உருக்கியதை மீட்க வழியுமில்லை.

1958இல் இந்நகரில் நிகழ்ந்ததொன்று. பொறியியலாளர் கோட்னி இல்பேட் ஆயுள் முழுதும் திரட்டிய மணிக்கூடுகள், அவர் மறைந்தபின் ஏலத்தில் சிதறவிருந்தன. கில்பேட் எட்கார் என்பவர் 50,000 பவுண் வழங்க முன்வந்ததையடுத்து ஏலம் கைவிடப்பட்டது. தொகுப்பு பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. எமது இழுப்பறைகளுக்கு அத்தகைய புரவலர் எவரும் வரப்போவதில்லை.

ஆகவே மின்கலத்தில் ஓடுபவற்றை விற்பதில் எமக்குத் தயக்கமில்லை. சாவி கொடுத்து இயக்கும் பழையதொன்றை, அது விலை குறைந்த எச்.எம்.டி. ஆயினும், வைத்திருக்கலாம். அந்நிறுவனத்தின் மணிக்கூட்டுப் பிரிவை மூட இந்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. திருத்தும் செலவு விலையை விஞ்சக்கூடும். எனவே ஒன்றைத் தெரிந்து திருத்தினாற் போதும். யார் கட்டியது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று சிறு தாளில் எழுதி அதனுடன் வைப்பதற்குச் செலவேதுமில்லை.