இராணி மங்கம்மாள்

இராணி மங்கம்மாள், மதுரை நாயக்க அரசின் காப்பாட்சியாளராக 1689 முதல் 1706 வரை திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆண்டவர். மதுரை நாயக்கர் என்றே பெயர் வழங்கினாலும், இவர் கணவர் சொக்கநாத நாயக்கர் காலத்திலேயே தலைநகர் திருச்சிக்கு மாறிவிட்டது. மலைக்கோட்டையின் கீழுள்ள அரண்மனையின் எஞ்சிய பகுதி, மங்கம்மாள் மகால் என்ற பெயரில் இன்று அரசு அருங்காட்சியகமாக உள்ளது.

திருமணம்

மங்கம்மாள், சொக்கநாதரின் படைத்தலைவர் தூப்பகுல லிங்கம நாயக்கரின் மகள். சொக்கநாதரின் திருமணம் என்றாலே பலரும் தஞ்சையைத்தான் நினைப்பர். தஞ்சை விசயராகவ நாயக்கரின் மகளை அவர் பெண் கேட்டார், விசயராகவர் மறுத்தார். 1673இல் மூண்ட போரில் தஞ்சை வீழ்ந்தது. விசயராகவரின் ஆணைப்படி அந்தப்புரமே வெடிமருந்தால் தகர்க்கப்பட்டு, கேட்கப்பட்ட பெண்ணும் மாண்டார். மங்கம்மாளோ அதற்கு முன்பே சொக்கநாதரின் மனைவி. 1682இல் பட்டமேறிய அவர் மகன் அரங்ககிருட்டிண முத்துவீரப்பருக்கு அப்போது ஏறத்தாழ பதினைந்து வயது என்பதிலிருந்தே இது விளங்கும்.

உடன்கட்டை ஏறாமை

1682இல் சொக்கநாதர் இறந்தபோது, மகன் இளையவன் என்பதால் மங்கம்மாள் உடன்கட்டை ஏறவில்லை. 1689இல் அம்மகனும் பெரியம்மையால் இறந்தார். நாயக்க மன்னர் பலரைப் போலன்றி அவருக்கு ஒரே மனைவி, சின்ன முத்தம்மாள். கருவுற்றிருந்த அவரும் கணவருடன் இறக்கவே விரும்பினார், மாமியார் தடுத்தார். குழந்தை விசயரங்க சொக்கநாதர் பிறந்த சில நாளில் அவரும் தம் உயிரைப் போக்கிக்கொண்டதாகக் குறிப்புகள் உள்ளன. பேரனுக்குப் பெயரளவில் முடிசூட்டி, ஆட்சியை மங்கம்மாள் ஏற்றார்.

ஆட்சி

தெற்கே இறங்கிய முகலாயப் படையுடன் மோதாமல், திறை செலுத்தி அரசைக் காத்தார். இதைக் கோழைத்தனம் என்பது பொருந்தாது. அன்று தெற்கில் அப்படையைத் தனியாக எதிர்க்கும் வலிமை எவருக்கும் இல்லை. மற்ற இடங்களில் அவர் போரைத் தவிர்க்கவும் இல்லை. 1697இல் தளவாய் நரசப்பய்யா திருவிதாங்கூர் மீது படையெடுத்துத் திறை பெற்றார். 1700இல் அவரே கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சை மராத்தியரை வென்றார்.

அடுத்து வந்ததுதான் சுவையானது. மைசூர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணை எழுப்ப, திருச்சியும் தஞ்சையும் ஒருசேர வறண்டன. நேற்றுவரை போரிட்ட இரு அரசுகளும் மைசூர் மீது சேர்ந்து படையெடுக்க ஆயத்தமாயின. படை புறப்படுமுன் பெருமழை பெய்து அணை உடைந்தது! காவிரிச் சிக்கல் நம் காலத்தில் தொடங்கியதன்று.

1702இல் கிழவன் சேதுபதியுடனான போரில் நரசப்பய்யா மாண்டார். மறவர் நாடு கைவிட்டுப் போனது.

சாலைகள், சத்திரங்கள், குளங்கள் பலவற்றை மங்கம்மாள் அமைத்தார். தென் மாவட்டங்களில் 'மங்கம்மா சாலை' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கோயில்களுக்கு மட்டுமின்றி, திருச்சியில் தர்காவிற்கும் நிலம் அளித்தார்.

இறுதி

பேரன் வயது வந்தபின்னும் அதிகாரத்தை விடாததால், அவரைச் சிறைவைத்துப் பட்டினியிட்டுக் கொன்றனர் என்பது வழிவழிக் கதை. விசயரங்கர் 1732இல் ஆண் வாரிசின்றி இறக்க, அவர் மனைவி மீனாட்சியும் திருச்சியிலிருந்தே ஆண்டார். அவருடன் நாயக்கர் ஆட்சி முடிந்தது.