கண்ணுக்குள் பிளாஸ்டிக்! கெட்டுப் போகாதா?

பெரும்பாக்கத்துக்காரர்களுக்குப் பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்லத் தேவை இல்லை. பக்கத்தில் உள்ள பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் ஆண்டுக் கணக்கில் குப்பை கொட்டினார்கள். காய்கறித் தோல் மக்கியது. பிளாஸ்டிக் மக்கவில்லை.

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட பாட்டியின் கண்ணுக்குள் டாக்டர் வைத்த லென்சும் ஒரு வகைப் பிளாஸ்டிக்தான். "ஐயோ! உள்ளே கிடந்து அழுகாதா?" என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

அழுகாது. மக்காத குணம் சதுப்பு நிலத்தில் தொல்லை. கண்ணுக்குள் அதுவே நன்மை!

விமானி கண்ணில் சில்லு

இது தெரியவந்த கதை விசித்திரமானது. இரண்டாம் உலகப் போரில், 1940-ம் ஆண்டு, இங்கிலாந்து விமானி ஒருவரின் விமானத்தைக் குண்டுகள் துளைத்தன. தலைக்கு மேல் இருந்த மூடி உடைந்து, சில்லுகள் கண்ணில் பாய்ந்தன. மூடி கண்ணாடி அல்ல. 'பெர்ஸ்பெக்ஸ்' என்ற பிளாஸ்டிக்.

இப்படி அடிபட்ட விமானிகளின் கண்களை டாக்டர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். சில்லு உள்ளேயே கிடந்தது. ஆனால் கண் அதை எதிர்க்கவில்லை!

1949 நவம்பர் 29-ந் தேதி, லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில், 45 வயதுப் பெண் ஒருவருக்கு அந்தப் பிளாஸ்டிக் லென்சை ரிட்லி பொருத்தினார். மற்ற டாக்டர்கள் பலர் சீறினார்கள். கண்ணில் விழுந்ததை எடுப்பது வைத்தியம். வெளிப் பொருளை உள்ளே வைப்பதா என்றார்கள். பிற்காலத்தில் ரிட்லியே தம் இரு கண்களிலும் அத்தகைய லென்ஸ் வைத்துக்கொண்டார்!

எந்தப் பிளாஸ்டிக்கும் ஆகுமா?

ஆகாது. பூவைத் தொடுத்துச் சரமாக்குவதுபோல, நுண்ணிய துகள்களைக் கோத்துத்தான் பிளாஸ்டிக் செய்கிறார்கள். கோக்கப்படாமல் மிஞ்சிய துகள் கசிந்தால் கண் புண்ணாகும். அதனால் கண்ணுக்கென்று தனியாகச் சுத்தமான பிளாஸ்டிக் தயாரித்தார்கள்.

கிருமியைக் கொல்வதும் சுலபம் அல்ல. கொதிநீராவியில் வைத்தால் இந்த லென்ஸ் இளகி உருமாறும். ஆரம்பத்தில் கிருமிநாசினி மருந்தில் ஊறவைத்தார்கள். லென்சில் தங்கிய மருந்து சில கண்களை வீங்க வைத்தது. பழி பிளாஸ்டிக்கின் மேல் விழுந்தது! இப்போது கிருமியைக் கொல்லும் வாயுவை ஏற்றி, பிறகு அது முற்றும் வெளியேறும்வரை காத்திருக்கிறார்கள்.

மதுரையில் லென்ஸ்

முன்பெல்லாம் வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாது. புரையை எடுத்துவிட்டு, சோடாப் புட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். 1992-ல் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த 'ஆரோலேப்' லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியது. விலை சரிந்தது.

மடித்துச் செலுத்தும் புது லென்சுகளும் இருக்கின்றன. அவற்றில் சில வகைகளில் சுண்ணாம்புச் சத்து படிந்து மங்கியதும் உண்டு. ஆனால் ஆபரேஷனுக்குச் சில ஆண்டுகள் கழித்துப் பார்வை மங்கினால், பெரும்பாலும் லென்ஸ் கெட்டுவிட்டது என்று அர்த்தம் அல்ல. லென்சைத் தாங்கும் மெல்லிய சவ்வில் படலம் படிந்திருக்கலாம். அதை லேசர் ஒளியால் சில நிமிடங்களில் சரி செய்துவிடுகிறார்கள். லென்சுடன் தரும் சீட்டைப் பாட்டி பத்திரமாக வைத்திருந்து, டாக்டரிடம் காட்ட வேண்டும்.