கொழுந்தும் காரீயமும்

யட்டியாந்தோட்டையின் மலைச்சரிவுகளிலே கொழுந்து பறிக்கப்படும் அதே கேகாலை மாவட்டத்தில், போகல சுரங்கத்தின் ஆழத்திலிருந்து, பாறைப் பிளவுகளில் நரம்பாக ஓடுவதும் 100க்கு 95 பங்குக்கு மேல் காபனாகவே அமைந்ததுமான காரீயம் வெட்டியெடுக்கப்படுகிறது. காபன் அணுக்கள் அறுகோணங்களாகப் பின்னிய படலங்கள், சுவடியின் ஏடுகள்போல், ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்ட பதார்த்தமே காரீயம்; அதில் ஓர் ஏட்டை மட்டும் தனியே பிரித்தால் அது கிராபீன். 2004இல் மான்செஸ்டர் சர்வகலாசாலையின் கைமும் நோவொசெலொவும் ஒட்டுநாடாவைக் கொண்டே இதனைப் பிரித்துக் காட்டி, 2010இல் நோபல் பரிசு பெற்றனர். ஒரு கிராம் கிராபீனின் பரப்பு, கணக்கின்படி, ஏறத்தாழ 2,630 சதுர மீட்டர். அத்துணை விசாலமான பரப்பில் மின்னேற்றம் வந்து படியக்கூடுமாதலால், வினாடிகளில் மின்னேறி வினாடிகளில் அதனை வழங்கும் மீகொள்ளளவிகளுக்கு இது மிகவும் விரும்பப்படுகிறது.

ஒட்டுநாடாவால் தொழிற்சாலை நடத்த இயலாது. ஆகவே, 1958இல் ஹம்மர்ஸ் வகுத்த முறைப்படி, காரீயத்தைக் கந்தகாமிலத்தோடும் பொற்றாசியம் பரமங்கனேற்றோடும் கலந்து, படலங்களிலே பிராணவாயுவை ஏற்றி, நீரில் அவை பிரியுமாறு செய்கின்றனர். பிரிவதற்குத் துணைநின்ற அப்பிராணவாயுவே பின்னர் மின்னோட்டத்துக்குத் தடையாகிவிடுவதால் அதனை அகற்ற வேண்டும். அதற்கு வழக்கமாகப் பயன்படும் ஐதரசீனோ கொடிய நஞ்சு.

இவ்விடத்திலேதான் தேயிலை பிரவேசிக்கிறது. கொழுந்தின் துவர்ப்புக்குக் காரணமான பொலிபீனோல்கள் தம் இலத்திரன்களை எளிதில் ஈந்துவிடும் சுபாவமுடையவை. பிராணவாயு ஏறிய படலங்களைத் தேயிலைச் சாற்றில் இட்டுச் சூடாக்கினால், கபிலநிறக் கரைசல் மெல்லக் கறுத்து, மின்னோட்டத்துக்கு வழிவிடும் கிராபீன் உருவாகிறது. இதனை 2011இலேயே ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். வேலை முடிந்த பொலிபீனோல்கள் படலங்களின்மேல் ஒட்டிநின்று, அவை மீண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து பரப்பை இழந்துவிடாதபடி காக்கின்றன. நஞ்சு நீங்குவதைக் காட்டிலும் இக்காவலையே இம்முறையின் பெருஞ்சிறப்பென்று நான் மதிக்கிறேன்.

ஆயினும் இதனை முழுமையான பசுமை முறையென்று புகழ்வது நேர்மையாகாது. இலை மாற்றியது பின்னைய படியை மாத்திரமே. முன்னைய படியின் அமிலக் கழிவு அப்படியே எஞ்சுகிறது, யட்டியாந்தோட்டை அருகே ஓடும் களனி கங்கையின் கரையில் அதனை விளையாட்டாக எண்ண முடியாது. நம் காரீயத்திலிருந்து கிராபீன் பொருள்களை ஆக்க முனைந்துள்ள ஹோமாகமை நனோதொழினுட்ப நிறுவனம் போன்றவை அந்த முன்னைய படியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

சாற்றுக்கும் விலைபோகும் கொழுந்து தேவையில்லை. கறுப்புத் தேயிலையின் கழிவுத்தூளில், புளிக்கவைக்கும்போதே பொலிபீனோல்கள் பெரிதும் உருமாறிவிடுகின்றன. கவ்வாத்தில் விழும் பச்சை இலையிலோ, கொழுந்தைவிடக் குறைவாயினும், அவை மாறாமல் இருக்கின்றன. ஆனால் அவ்விலை மலைமண்ணுக்கு உரமாகவும் மழைக்கு மறைப்பாகவும் கிடப்பது. எடுப்பதானால், சாறு பிழிந்த சக்கையைத் தேயிலையின் தூருக்கே திருப்பிச் சேர்த்துவிட வேண்டும்.